ஈரக்குலை குளிர

சித்திரை மாதக் கடைசியில் வீரபாண்டிக்குப் போனவர்களுக்கு அந்த வெயில் மறக்காது. தேனியிலிருந்து கம்பம் போகும் சாலையில் எட்டு கிலோமீட்டர் தள்ளி, முல்லையாற்றின் கரையில் இருக்கிறது ஊர். கௌமாரியம்மன் கோயில் திருவிழா எட்டு நாள் நடக்கும். தீச்சட்டி ஏந்தி வருகிறவர்கள், ஆயிரங்கண் பானை சுமந்து வருகிறவர்கள், ஆற்றில் முங்கி எழுந்து ஈரத்துணியோடு குடத்தில் தண்ணீர் மொண்டுகொண்டு ஓடுகிறவர்கள். கோயிலில் நட்டிருக்கும் முக்கொம்பில், அதாவது மூன்று கிளை பிரிந்த அத்திமரக் கம்பத்தில், அந்தத் தண்ணீரை ஊற்ற வேண்டும். ஒருபக்கம் நெருப்பு, ஒருபக்கம் நீர். அம்மை கண்ட வீட்டில் வேப்பிலையும் மஞ்சள் தண்ணீருமாகச் செய்வதைத்தான் ஊரே சேர்ந்து பெரிய அளவில் செய்கிறது. அம்மன் குளிர வேண்டும். அவள் குளிர்ந்தால் ஊர் குளிரும்.

அம்மன் ஒருபுறம் குளிர, வந்த கூட்டமும் குளிர வேண்டுமே! சாலை நெடுகத் தண்ணீர்ப் பந்தல்கள். நீர்மோர் ஒரு பானையில், பானக்காரம் ஒரு பானையில். அடுத்த வரிசை கடைகள். கரும்புச்சாறு, கோலி சோடா, பன்னீர் திராட்சை ஜூஸ், நன்னாரி சர்பத். அவற்றுக்கு நடுவே, தமிழ்நாட்டின் எந்தத் திருவிழாவுக்கும் எந்த நெடுஞ்சாலைக்கும் இப்போது தப்பாத பலகை: மதுரை ஜிகர்தண்டா.

பந்தலில் கொடுக்கும் பானக்காரத்துக்கும் கடையில் விற்கும் ஜிகர்தண்டாவுக்கும் இடையே நடந்தால் ஐம்பது அடிகூட இருக்காது. வரலாற்றில் அந்த ஐம்பது அடிக்குள் சோழமண்டலக் கரை, ஜமைக்கா, ஹாலிவுட், பாஸ்டன், மன்னார் வளைகுடா எல்லாம் வந்துபோகின்றன.

முதலில் பானக்காரம். வடதமிழ்நாட்டில் பானகம் என்பார்கள். அங்கே வெல்லம், எலுமிச்சை, சுக்கு, ஏலக்காய், தண்ணீர். மதுரை, தேனி, விருதுநகர் பக்கம் எலுமிச்சையின் இடத்தில் பெரும்பாலும் புளி. வெல்லத்தின் இடத்தில் சில வீடுகளில் கருப்பட்டி. எப்படிப் பார்த்தாலும் நாலு சரக்கு: இனிப்பு, புளிப்பு, காரமும் மணமும், தண்ணீர். இதில் ஐந்தாவதாகச் சாராயத்தை ஊற்றினால் என்ன ஆகும்?

ஊற்றிப் பார்த்திருக்கிறார்கள். 17-ம் நூற்றாண்டில் இந்தியக் கரைகளில் இறங்கிய கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களுக்கு ஊரிலிருந்து கொண்டுவந்த பீர் வெயிலில் புளித்துப் போனது. திராட்சை மதுவும் தாங்கவில்லை. கைக்கு எட்டியது தென்னங்கள்ளிலிருந்தும் வெல்லத்திலிருந்தும் வடித்த சாராயம். அதை அப்படியே விழுங்க முடியாமல் சர்க்கரை, எலுமிச்சை, தண்ணீர், மசாலா சேர்த்துக் குடித்தார்கள். அதன் பெயர் 'பஞ்ச்'. ஐந்து சரக்கு என்பதால் 'பாஞ்ச்' என்ற சொல்லிலிருந்து வந்ததாகப் பெரும்பாலானோர் சொல்வார்கள். பீப்பாயைக் குறிக்கும் ஓர் ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்ததென்று வாதாடுகிறவர்களும் உண்டு. பெயர் எப்படியோ, அந்தச் சொல் எழுத்தில் முதன்முதலாகப் பதிவான கடிதம் நமக்குக் கிடைத்திருக்கிறது. 1632-ல் ராபர்ட் ஆடம்ஸ் என்ற கம்பெனி ஆள் பெட்டபோலிக்குப் போகும் நண்பருக்கு எழுதியது. பெட்டபோலி என்பது இன்றைய ஆந்திராவின் நிஜாம்பட்டினம். சோழமண்டலக் கரையில் வெள்ளைக்காரர்கள் துணி வாங்கக் கடைபோட்ட பழைய துறைமுகங்களில் ஒன்று.

பானகத்தைப் பார்த்துத்தான் பஞ்ச் செய்தார்கள் என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனால் இனிப்பையும் புளிப்பையும் காரத்தையும் தண்ணீரில் கரைத்து வெயிலுக்குக் குடிக்கும் பழக்கம் ஊன்றியிருந்த ஊர்களில்தான் பஞ்ச் பிறந்தது என்பதை மறுக்கவும் முடியாது.

இங்கிருந்து பஞ்ச் கப்பலேறியது. லண்டன் போய்ப் பீங்கான் கிண்ணத்தில் பெரிய மனிதர்களின் பானமாயிற்று. மேற்கிந்தியத் தீவுகளில், கரும்புத் தோட்டங்களில், சாராயத்தின் இடத்தை ரம் பிடித்தது. தோட்ட முதலாளிகளின் பெயரால் 'பிளான்டர்ஸ் பஞ்ச்' ஆயிற்று. அடுத்த தாவல் மிகவும் வேடிக்கையானது.

1933 டிசம்பரில் அமெரிக்காவில் மதுவிலக்கு முடிந்தது. அந்தச் சமயம் எர்னெஸ்ட் கான்ட் என்ற ஊர்சுற்றி ஹாலிவுட்டில் ஒரு சின்னக் கடை திறந்தார். மூங்கில், மீன்வலை, ஓலைக்கூரை, தீவுகளில் திரிந்தபோது பொறுக்கிய சாமான்கள் எல்லாவற்றையும் தொங்கவிட்டார். கடைக்கு 'டான் தி பீச்கோம்பர்' என்று பெயர். பிறகு தன் பெயரையே டான் பீச் என்று மாற்றிக்கொண்டார். அவர் ஊற்றியது ஜமைக்காவின் பிளான்டர்ஸ் பஞ்சைப் பிரித்துப் போட்டுப் பலவகை ரம்மும் பழச்சாறும் பட்டையும் கலந்து மறுபடி கட்டிய சரக்கு. 'ஸோம்பி' என்ற பானத்தை ஆளுக்கு இரண்டுக்கு மேல் தரமாட்டேன் என்று அறிவித்தார். இரண்டுதான் என்று சொன்னால் மூன்றாவதுக்கு ஆள் வராமலா போகும்? பசிபிக் தீவுகளில் மரத்தில் செதுக்கும் மூதாதை உருவத்துக்கு 'டிகி' என்று பெயர். அந்த உருவம் கடைதோறும் வாசலில் நின்றதால் இந்த வகைப் பானங்களுக்கே டிகி என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

கலவை வெளியே தெரியக்கூடாது என்பதில் டான் பீச் கெட்டி. புட்டிகளில் பெயர் இருக்காது, குறியீடும் எண்ணும்தான் இருக்கும். ஊற்றுகிற ஆளுக்கே உள்ளே என்ன என்று தெரியாது. ஸோம்பியின் அசல் கணக்கு பல பத்தாண்டு கழித்துத்தான் வெளியே வந்தது. ஜெஃப் பெர்ரி என்ற ஆராய்ச்சியாளர் அந்தக் கடையில் வேலை பார்த்த ஒருவரின் பழைய குறிப்பேட்டைத் தேடிப் பிடித்தார். அதிலும் 'டானின் மிக்ஸ்' என்று ஒரு குறியீடு. அதையும் உடைத்துப் பார்த்தால், கிரேப்ஃப்ரூட் சாறும் பட்டைப் பாகும். அவ்வளவுதான்.

டானைப் பார்த்துக் கடை வைத்தவர்களில் பெரிய ஆள் விக்டர் பெர்ஜரான், 'டிரேடர் விக்'. 1944-ல் கலிஃபோர்னியாவின் ஓக்லண்டில் தன் கடையில், 17 வருடம் ஊறிய ஜமைக்கா ரம்மை எடுத்து, எலுமிச்சை, ஆரஞ்சுத்தோல் மணமூட்டிய குராசோ, பாதாம் பாகு, கல்கண்டுப் பாகு சேர்த்துக் குலுக்கி, தாஹிதித் தீவிலிருந்து வந்திருந்த நண்பர்களுக்குக் கொடுத்தார். அவர்களில் ஒருவர் தாஹிதி மொழியில் 'பிரமாதம்' என்ற பொருளில் ஏதோ சொல்ல, அந்தச் சொல்லே 'மை டாய்' என்று பெயராகிவிட்டது. இல்லை, என் பானத்தைக் குடித்துவிட்டுப் போய்த்தான் இதைச் செய்தார் என்பது டான் பீச் தரப்பு. கடைசிவரை இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. தான் கண்டுபிடிக்கவில்லை என்பவன் அயோக்கியன் என்கிற தொனியில் விக் எழுதியே வைத்துவிட்டார்.

மை டாயில் தாஹிதிச் சரக்கு ஒன்றாவது உண்டா? ரம் ஜமைக்கா. குராசோ கரீபியன் தீவின் பெயர். பாதாம் பாகு பிரெஞ்சுக்காரர்களுடையது. பெயர் மட்டும்தான் தாஹிதி. 1953-ல் விக் அதை ஹவாய்க்குக் கொண்டுபோய் அங்குள்ள ஓட்டலில் அறிமுகப்படுத்தினார். இன்று ஹவாய்க்குப் போகிறவர்கள் அதைத் தீவின் ஆதிகாலப் பானம் என்று நம்பிக் குடிக்கிறார்கள்.

இந்தக் கதை மதுரைக்காரர்களுக்குப் புதிதாக இருக்காது. ஜிகர்தண்டாவுக்கும் இதே ஜாதகம்தான்.

பெயரைப் பாருங்கள். 'ஜிகர்' பாரசீகச் சொல், கல்லீரல். 'தண்டா' இந்துஸ்தானி, குளிர்ச்சி. கல்லீரல் குளிர்ச்சி என்று பெயர்த்தால் மருந்துக்கடைச் சரக்குபோல இருக்கிறது. ஆனால் உருதுக் கவிஞர்களுக்கு ஜிகர் என்பது உறுப்பு மட்டுமல்ல. காதல், துணிச்சல், தவிப்பு எல்லாம் குடியிருக்கும் இடம். தமிழிலும் அதற்கு நேர் சொல் உண்டு: ஈரக்குலை. பயத்தில் நடுங்குவதும் பிள்ளையைக் காணாமல் பதறுவதும் நமக்கும் அங்கேதான். ஆக, ஜிகர்தண்டா என்றால் ஈரக்குலை குளிர என்று அர்த்தம். ஆனால் அப்படிப் பெயர் வைத்திருந்தால் விற்றிருக்குமா என்பது சந்தேகம். தூரத்துப் பெயருக்கு ஒரு கவர்ச்சி உண்டு என்பதை டிரேடர் விக் மட்டுமா அறிந்திருந்தார்? டெல்லியில் போய் ஜிகர்தண்டா கேட்டால் முழிப்பார்கள். பாலும் பாதாமும் மிளகும் அரைத்த தண்டாய் கிடைக்கலாம். வடக்கின் சொல், தெற்கின் சரக்கு.

தோற்றக் கதைகளுக்குப் பஞ்சமில்லை. மொகலாயர்கள் கொண்டுவந்தது என்பார் ஒருவர். மதுரையைச் சுல்தான்கள் ஆண்ட காலத்தில் அரண்மனைச் சமையல்காரர் கண்டுபிடித்தது என்பார் இன்னொருவர். முதலாவதைச் சீக்கிரம் ஒதுக்கிவிடலாம். மொகலாய அரண்மனைச் சமையல் மதுரை வீதியில் குடியேறிய தடம் வேறு எதிலும் காணோம். இரண்டாவது கதைக்கு ஒரு சாட்சியை விசாரிக்க முடியும். மதுரை சுல்தானகம் 1335-ல் தொடங்கி அரை நூற்றாண்டுக்குள் முடிந்தது. 1340-களில் அங்கே வந்து தங்கியவர் மொராக்கோப் பயணி இப்னு பதூதா. வெறும் விருந்தாளி அல்ல, சுல்தான் கியாசுதீன் தமகானிக்குச் சகலை. சாப்பாட்டு விஷயத்தில் அவர் கண்ணுக்கும் நாக்குக்கும் எதுவும் தப்பாது. போன ஊரிலெல்லாம் என்ன கொடுத்தார்கள் என்று எழுதியவர்.

மதுரையில் அவர் பார்த்தது கொள்ளைநோய். காய்ச்சல் வந்தவர்கள் இரண்டு மூன்று நாளில் இறந்துகொண்டிருந்தார்கள். அவருக்கும் காய்ச்சல் பிடித்தது. பிழைக்கமாட்டோம் என்று நினைத்த வேளையில், அந்த ஊரில் ஏராளமாகக் கிடைத்த புளியை எடுத்துத் தண்ணீரில் கரைத்துக் குடித்தார். மூன்று நாள் வயிறு போனது, காய்ச்சல் விட்டது. விட்டதும் ஊரையே விட்டுக் கிளம்பினார். மதுரையில் இப்னு பதூதாவைக் காப்பாற்றியதாக அவரே எழுதிவைத்த பானம் புளித்தண்ணீர். வெல்லமும் சுக்கும் போட்டிருந்தால் அசல் பானக்காரம்! அரண்மனையில் பாலும் பாசியும் கலந்த குளிர்பானம் இருந்திருந்தால் சகலைக்கு ஒரு குவளை கிடைக்காமல் போயிருக்குமா?

இன்னொரு சாட்சி பனிக்கட்டி. ஐஸ் இல்லாமல் ஜிகர்தண்டா இல்லை. அக்பர் லாகூரில் இருந்தபோது இமயமலையிலிருந்து பனி வந்தது என்று அபுல் ஃபசல் எழுதியிருக்கிறார். மதுரைக்கு எந்த மலையிலிருந்து வரும்? மேகமலையில் மேகம்தான் உண்டு. ஏழைபாழைகளும் வாங்கக்கூடிய ஐஸ் இந்தியாவுக்கு வந்த கதை 19-ம் நூற்றாண்டில் தொடங்குகிறது. பாஸ்டன் வணிகர் ஃபிரெடரிக் டியூடர் குளிர்காலத்தில் உறைந்த ஏரிகளை வாளால் அறுத்து, மரத்தூளில் பொதிந்து, கப்பலில் ஏற்றினார். 1833-ல் கல்கத்தா துறைமுகத்துக்கு முதல் கப்பல் வந்து சேர்ந்தபோது பாதிக்கு மேல் கரையாமல் இருந்தது. 1842-ல் சென்னைக் கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் கட்டினார்கள்; பிற்பாடு விவேகானந்தர் தங்கிய கட்டடம் அதுதான். 1874-ல் சென்னையில் இயந்திரத்தில் ஐஸ் செய்யும் கம்பெனி வந்தது. டியூடரின் வியாபாரம் கரைந்தது. ஐஸ் தொழிற்சாலை உள்ளூர்களுக்கு இறங்கி, உமியிலும் மரத்தூளிலும் புதைத்த கட்டியை ரிக்‌ஷாவில் வைத்துத் தெருக்கடை வாங்கும் நிலை 20-ம் நூற்றாண்டில்தான் வந்தது. ஜிகர்தண்டாவின் வயது அதற்குள் அடங்கியாக வேண்டும்.

ராஜாக்களை அனுப்பிவிட்டால் மிச்சம் நிற்பது சரக்கு. ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு போனால் ஊர் ஊராகக் கூட்டிக்கொண்டு போகிறது.

முதலில் அந்த வழுவழுப்பு. அசல் எது என்று கேட்டால் மதுரையில் இரண்டு கட்சி: கடல்பாசிக் கட்சி, பாதாம் பிசின் கட்சி. பாதாம் பிசின் நாட்டுமருந்துக் கடையில் பொன்னிறக் கட்டியாகக் கிடைக்கும். ராத்திரி ஒரு சின்னக் கட்டியைத் தண்ணீரில் போட்டால் காலையில் பாத்திரம் நிறைய உப்பியிருக்கும். வாசமும் இல்லை, ருசியும் இல்லை, குளிர்ச்சி மட்டும் உண்டு என்று பாட்டிகள் சாட்சி சொல்வார்கள். கடல்பாசியின் கதை இன்னும் நீளம். கடையில் சைனா கிராஸ் என்று விற்பதன் தாய்வீடு மன்னார் வளைகுடா. ராமேஸ்வரம், மண்டபம், கீழக்கரை கரைகளில் பெண்கள் கடலில் மூழ்கிப் பாசி எடுக்கிறார்கள். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு, மூச்சை அடக்கிப் பாறையிலிருந்து பறிக்க வேண்டும். அவர்கள் எடுக்கும் வகைகளில் ஒன்றுக்கு மரிக்கொழுந்துப் பாசி என்று பெயர், இன்னொன்றுக்குக் கஞ்சிப் பாசி. அகர் அகர் செய்வது இவற்றிலிருந்துதான். செய்யும் ஆலைகள் மதுரைப் பக்கமே உண்டு. மல்லிகைக்குப் பெயர்போன ஊருக்குக் கடலுக்கடியிலிருந்தும் ஒரு மரிக்கொழுந்து வருகிறது.

இந்தப் பாசியைப் பாலில் காய்ச்சி, சர்க்கரை போட்டு, தட்டில் ஊற்றி உறைய வைத்துத் துண்டு போடுவது தமிழ் முஸ்லிம் வீடுகளின் நோன்புக்கால வழக்கம். கம்பம், உத்தமபாளையம் ராவுத்தர் வீடுகளில் ரம்ஜான் மாதம் முழுக்க நோன்புக் கஞ்சிக்குப் பக்கத்தில் கடல்பாசி இருக்கும். பகல் முழுக்கத் தண்ணீர்கூடக் குடிக்காத உடம்புக்கு அது இதம். ஜிகர்தண்டாவின் அடித்தட்டு அரண்மனையிலிருந்து வரவில்லை, இந்த அடுப்படியிலிருந்து வந்தது என்று கொள்வதே பொருந்துகிறது.

அடுத்தது நன்னாரி. மலையடிவாரங்களிலும் வேலியோரங்களிலும் படரும் மெல்லிய கொடி, விஷயமெல்லாம் வேரில். காய்ந்த வேரைத் தட்டிக் கொதிநீரில் ஊறவைத்து, சர்க்கரைப் பாகு காய்ச்சினால் சர்பத். வெள்ளைக்காரன் இதை இந்திய சார்சாபரில்லா என்றான். 1864-ல் பிரிட்டிஷ் மருந்துக் குறிப்புநூலிலும் சேர்த்துக்கொண்டான். அந்த மணத்துக்குக் காரணமான வேதிப்பொருள் வெனிலாவின் மணப்பொருளுக்கு உடன்பிறப்பு: அணுக்கள் அதே எண்ணிக்கை, அடுக்கு மட்டும் வேறு. பாலோடு அது ஏன் அவ்வளவு ஒட்டிப்போகிறது என்பது இதிலிருந்து புரியும். குமுளி மலையேறி அந்தப் பக்கம் இறங்கினால் கேரளத்திலும் நன்னாரி சர்பத்துக்குத்தான் மவுசு. ஆனால் அங்கே எலுமிச்சையும் சோடாவும் சேரும். பாலோடு சேர்த்தது மதுரை.

மிச்சம் பாலும் ஐஸ்கிரீமும். கம்பத்துத் தொழுவங்களிலிருந்தும் ஆண்டிபட்டி மேய்ச்சல்களிலிருந்தும் மதுரைக்குப் பால் போவதில் அதிசயம் இல்லை. அதிசயம் அடுப்பில் நடக்கிறது. அகன்ற சட்டியில் மணிக்கணக்கில் சுண்டி, வெள்ளை மாறி, லேசான தவிட்டு நிறம் ஏறும்வரை பாலை விடமாட்டார்கள். பாலிலுள்ள சர்க்கரையும் புரதமும் சூட்டில் கூடி ஒரு வறுத்த ருசி கொடுக்கும். அந்தப் பாலிலேயே கடைக்காரர் தன் ஐஸ்கிரீமையும் செய்வார். கம்பெனி டப்பா அல்ல.

விளக்குத்தூண் பக்கம் கீழமாரட் வீதியில் 1977 முதல் நடப்பதாகச் சொல்லும் பேர்பெற்ற கடை இருக்கிறது. ஒரு குவளை எப்படித் தயாராகிறது என்று அங்கே கூட்டத்தோடு கூட்டமாக நின்று பார்க்கலாம். கண்ணாடிக் குவளையின் அடியில் ஊறிய பிசினோ பாசியோ ஒரு கரண்டி. அதன்மேல் நன்னாரிப் பாகு. கருஞ்சிவப்பாக இறங்கி அடியில் தங்கும். அடுத்துக் குளிரவைத்த சுண்டிய பால். அதற்கும் மேலே ஐஸ்கிரீம் ஓர் உருண்டை. ஸ்பெஷல் என்றால் உச்சியில் பாசுந்தி. எல்லாம் சில நொடி. ஊற்றுகிறவர் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. கை மட்டும் ஓடும். வாங்கியவர் தெருவிலேயே நின்றுகொண்டு ஸ்பூனால் கலக்க ஆரம்பிப்பார்.

இதைக் குடிப்பதா, சாப்பிடுவதா? இரண்டும்தான். பால் தொண்டையில் இறங்கும்போது பிசின் பல்லில் அகப்படும். நன்னாரி கடைசியில் மூக்குக்கு வரும். சில்லிட்டிருப்பதால் நாக்குக்கு இனிப்பு குறைவாகத் தெரியும். எவ்வளவு சர்க்கரை உள்ளே போயிற்று என்பது பிறகுதான் உறைக்கும். உண்மையைச் சொன்னால், தாகத்துக்கு இது உதவாது. குடித்து அரைமணி நேரத்தில் தண்ணீர் தேடும். தாகத்துக்கு நீர்மோர்தான். ஜிகர்தண்டா வேடிக்கைக்கு, நண்பர்களோடு நின்று பேசுவதற்கு, ஊருக்கு வந்த விருந்தாளியிடம் 'எங்க ஊர்ல இதக் குடிச்சீங்களா' என்று கேட்பதற்கு. மை டாயின் கவர்ச்சியும் இதே ரகம்தான். ஒரு குவளைக்குள் வேறோர் ஊருக்குப் போய்வந்த மயக்கம்.

ஒரு வித்தியாசம் மட்டும் பெரியது. மை டாய் மதுவிலக்கு முடிந்த நாட்டின் கொண்டாட்டத்தில் பிறந்தது. தமிழ்நாட்டில் 1971-ல் விலக்கை நீக்கி, 1974-க்குள் திரும்பக் கொண்டுவந்து, 1981-ல் மறுபடி நீக்கினார்கள். மாரட் வீதிக் கடை சொல்லும் 1977 விலக்கு அமலில் இருந்த காலம். சாயங்கால வீதியில் நாலு பேர் கூடி நின்று வெளிப்படையாகக் குடிக்க அப்போது இருந்தவை கலர், சோடா, சர்பத், பால்தான். அதனால்தான் ஜிகர்தண்டா ஓடியது என்று அடித்துச் சொல்வதற்கில்லை. களம் காலியாக இருந்தது என்று சொல்லலாம்.

பிறகு சினிமா வந்தது. 2014-ல் கார்த்திக் சுப்பராஜின் 'ஜிகர்தண்டா' வெளியாகி, மதுரை ரவுடி வேடத்துக்காக பாபி சிம்ஹாவுக்குத் தேசிய விருதும் கிடைத்தபோது, மதுரைப் பக்கமே வராதவர்களுக்கும் அந்தப் பெயர் தெரிந்துவிட்டது. சென்னையிலும் கோவையிலும் பலகைகள் முளைத்தன. அந்தக் கடைகளில் பாதியில் பால் தவிட்டு நிறம் காண்பதே இல்லை. கலர்ப் பாகை ஊற்றி நன்னாரி என்கிறார்கள். ஜிகர்தண்டா என்று சொல்லி ரோஸ் மில்க் கொடுக்கிறவர்களை எந்தச் சட்டத்தில் பிடிப்பது என்று தெரியவில்லை.

பானங்களின் பூர்வீகக் கதைகள் எப்படி இறுகுகின்றன என்பதற்கு வீரபாண்டிக் கடைத்தெருவிலேயே இன்னோர் உதாரணம் உண்டு. 1895-ல் பெரியாறு அணை திறந்து, மலைக்கு அந்தப்புறம் ஓடிய தண்ணீர் சுரங்கம் வழியாக இந்தப்புறம் திரும்பியது. அந்த நீர் பாய்ந்த பள்ளத்தாக்கில் கூடலூர், சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி என்று பந்தல் பந்தலாகப் பன்னீர் திராட்சை. 2023-ல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. 1832-ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார் என்பது எல்லோரும் எழுதும் வரலாறு. ஆனால் இந்த ரகத்தின் தோட்டக்கலைப் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். அது இங்கிலாந்தில் உருவானது 19-ம் நூற்றாண்டின் நடுவில். பாதிரியார் வேறு ஏதோ கொடியைக் கொண்டுவந்திருக்கலாம், வருடம் பிசகியிருக்கலாம். எப்படியானாலும் பழம் பழம்தான். தோலோடு கசக்கிப் பிழிந்து, கொஞ்சம் உப்பும் சர்க்கரையும் ஐஸும் போட்டுக் கொடுக்கிற ஜூஸுக்கு இந்தச் சிக்கல் எதுவும் தெரியாது.

திருவிழாவுக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஜிகர்தண்டா கேட்பதற்கு முன், கடைக்காரரின் சட்டியில் பாலின் நிறத்தைப் பாருங்கள். வெள்ளையாக இருந்தால் பேசாமல் பந்தலுக்கு நடந்துவிடுங்கள். இப்னு பதூதாவைப் பிழைக்கவைத்த புளித்தண்ணீர் அங்கே வெல்லமும் சுக்கும் சேர்ந்து பானை நிறைய இருக்கும். காசு கிடையாது, குவளையைக் கழுவி வைத்துவிட்டு வந்தால் போதும்.